மேடைத் தாயும் தறித் தந்தையும்

பிள்ளையின் திறமையைத் தன் பிழைப்புக்கும் பெருமைக்கும் முதலாக்கிக்கொள்ளும் தாய், உலகக் கதைகளில் நெடுநாளாக உலவிவரும் கொடும்பாத்திரம். டிஸ்னி நிறுவனம் 2010இல் வெளியிட்ட 'டாங்கிள்ட்' என்னும் அனிமேஷன் திரைப்படத்தின் கோத்தல் அவ்வழியில் வந்தவளே. ராபன்சலின் கூந்தலுக்கு இளமையை மீட்கும் ஆற்றல் உண்டு. அந்த ஆற்றலைத் தானே துய்ப்பதற்காக அவளைக் கோபுரத்தில் அடைத்து, தாய் என்று சொல்லிக்கொண்டு வளர்க்கிறாள் கோத்தல். ஆனால் அவள் பெற்ற தாய் அல்லள்; குழந்தையைத் திருடியவள். ஆகவே அவளை வெறுப்பதில் பார்வையாளருக்கு எவ்வித மனச்சங்கடமும் நேர்வதில்லை.

இந்த ஏற்பாடு புதியதன்று. கிரிம் சகோதரர்கள் தொகுத்த 'பனிவெண்மை' கதையில், 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் மகளைக் கொல்லத் துணிபவள் அவளைப் பெற்ற தாயே. 1819ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாயாக மாற்றப்பட்டாள். தாய்மையின் புனிதம் காக்கப்பட்டது. ஆனால் பெற்றவளே பிள்ளையைப் பயன்படுத்திக்கொள்ளக்கூடும் என்ற உண்மை கதையிலிருந்து வெளியேற்றப்பட்டது.

தமிழ்த் திரையுலகம் இவ்வகையில் சற்றுத் துணிவுடையது எனலாம். ஏ. பி. நாகராஜன் இயக்கி 1968இல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தின் வடிவாம்பாள், மோகனாவைப் பெற்ற தாயேதான். சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாதசுரத்துக்கு மனத்தைப் பறிகொடுத்த மகளை, செல்வர் ஒருவரின் ஆதரவில் அமர்த்திவிட வேண்டும் என்பதே அவளது ஓயாத நாட்டம். சி. கே. சரஸ்வதியின் கூர்மையான குரலும் கண்ணசைவும் அப்பாத்திரத்தை மறக்கவொண்ணாததாக்கின. நாகேஷ் நடித்த வைத்தி அவளுக்கு ஏற்ற தரகன். இவ்விருவரையும் கண்டு மூன்று தலைமுறையினர் நகைத்திருக்கின்றனர்.

நாமும் நகைத்தோம். எனினும் அந்த நகைப்பு யாரை நோக்கியது என்பதை இப்போது ஆராய்ந்து பார்க்க வேண்டியுள்ளது. படத்தில் விலை பேசுபவள் தாய். இடையில் நிற்பவன் தரகன். விலை கொடுக்க முன்வருபவர்கள் மைனர்களும் மதன்பூர் மகாராஜாவும். பார்வையாளரின் நினைவில் ஆழமாகப் பதிந்திருப்பவர்கள் முதலிருவரே. பணம் உடையவர்கள் வந்து போகும் பாத்திரங்களாகிவிட, பணம் இல்லாதவளின் பேராசையே கதையின் குற்றமாக எஞ்சுகிறது.

அந்தப் பேராசைக்கு ஒரு வரலாறு உண்டு. பரம்பரை ஆடல் குடும்பங்களில் வீட்டுத் தலைமை பெரும்பாலும் மூத்த பெண்ணிடமே இருந்தது. மகளின் ஆடலே அக்குடும்பத்தின் வருவாய். கோயில் மானியமும் செல்வர் ஆதரவும் அதன் இரு தூண்கள். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியது. அவ்வழக்கம் ஒழிந்தது நன்றே. ஆயினும் அதைச் சார்ந்து வாழ்ந்த முதிய பெண்கள் என்ன ஆயினர் என்ற கேள்வியைக் கேட்டவர் சிலரே. கொத்தமங்கலம் சுப்பு இக்கதையை ஆனந்த விகடனில் தொடராக எழுதியது அச்சட்டம் வந்த பின்னரே. வடிவாம்பாளின் மனத்தில் இருப்பது பேராசை மட்டுமன்று, அச்சமும்கூட என்பதை அறிய இப்பின்னணி நமக்கு உதவும். இது அவளை நியாயப்படுத்துவதற்காகச் சொல்லப்படுவதன்று. மகளின் விருப்பத்தை விலைபேசியது குற்றமே. அக்குற்றத்தை அவள் ஒருத்தியின் தலையில் மட்டும் சுமத்தியதே படத்தின் குறை.

இக்குறை தெளிவாகப் புலப்பட, இன்னொரு படத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். பிரியதர்ஷன் இயக்கிய 'காஞ்சிவரம்', 2007ஆம் ஆண்டின் சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதையும், பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருதையும் பெற்றுத் தந்தது. பட்டு நெய்பவனுக்குப் பட்டு உடுத்த இயலாத காஞ்சிபுரத்தில், நெசவாளி வேங்கடம் பிறந்த மகளின் காதில் ஒரு வாக்குத் தருகிறான்: அவளைப் பட்டுப்புடவையில் மணமகளாக்கி அனுப்புவேன் என்று. அதற்காக முதலாளியின் பட்டறையிலிருந்து நாள்தோறும் சிறிது பட்டிழையை வாயில் ஒளித்துக் கடத்துகிறான். தொழிலாளர் போராட்டத்துக்குத் தலைமை ஏற்றவனே, திருமணம் நெருங்கும்போது இழை வேண்டுமென்பதற்காகப் போராட்டத்தை முடித்துவைக்கிறான். பிடிபட்டுச் சிறை செல்கிறான். இறுதியில் முடமாகிக் கிடக்கும் மகளுக்குத் தன் கையாலேயே நஞ்சூட்டி, நெய்து முடிக்காத பட்டை அவள் உடல்மீது போர்த்துகிறான்.

இங்கும் பெற்றவரின் கனவு பிள்ளையின்மீது ஏற்றப்படுகிறது. அந்தப் புடவையைத் தாமரை கேட்கவில்லை. அக்கனவுக்காகத் தோழர்களின் நம்பிக்கையும் பலியாகிறது. விளைந்த கேட்டை மட்டும் நிறுத்துப் பார்த்தால் வேங்கடத்தின் தட்டே தாழும். ஆனால் வேங்கடத்துக்காகக் கண்ணீர் விடுகிறோம். வடிவாம்பாளைக் கண்டு எள்ளி நகைக்கிறோம். வேங்கடம் தனக்கென எதையும் நாடவில்லை என்பது உண்மை, அவ்வேறுபாட்டை மறுப்பதற்கில்லை. எனினும் அது மட்டுமே காரணமன்று. அவனது வறுமையை இயக்குநர் படம் முழுதும் நமக்குக் காட்டுகிறார். வடிவாம்பாளின் அச்சத்தை ஒரு கணமேனும் காட்டியவர் இல்லை. தந்தையின் கனவு துன்பியலாகவும் தாயின் கனவு சூழ்ச்சியாகவும் ஆவது இவ்விடத்தில்தான்.

வடிவாம்பாளுக்கு மறுப்பாக வரலாறு தரும் சான்று ஒன்றும் இதே காஞ்சியிலேயே இருக்கிறது. 1918இல் பிறந்த பாலசரஸ்வதி, ஏழு வயதில், 1925இல், காஞ்சிபுரத்துக் கோயிலொன்றில் அரங்கேறினார். கந்தப்பப் பிள்ளையிடம் கடும் பயிற்சி பெற்ற அச்சிறுமியை ஊக்கியவர் பாடகியான தாய் ஜெயம்மாள். ஆடலைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள்மீது பழி கவிந்திருந்த காலம் அது. பின்னாளில் மகள் ஆடியபோது தாயே உடனிருந்து பாடினார். மகளை மேடையேற்றிய தாய்தான் அவரும். அவரது உறுதி வடிவாம்பாளின் உறுதிக்குக் குறைந்ததன்று. ஆனால் அவ்வுறுதி கலையை மகளின் உடைமையாக்கியது. 1973இல் சங்கீத கலாநிதிப் பட்டமும், 1976இல் சத்யஜித் ராயின் 'பாலா' என்னும் ஆவணப்படமும் அவ்வுடைமைக்குக் கிடைத்த மதிப்புகள். ஆகவே பெற்றோரின் நாட்டம் தன்னளவில் தீங்கன்று. அதன் பயன் யாருக்குரியது என்பதே அதை அளக்கும் கோல்.

சட்டமும் மிகத் தாமதமாக இக்கோலையே கையிலெடுத்தது. சிறுவயதில் நடித்து ஈட்டிய பொருளைக் கேட்டு ஜாக்கி கூகன் 1938இல் தன் தாய்மீதும் மாற்றாந்தந்தைமீதும் வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டில் கலிபோர்னியா அவர் பெயரால் வழங்கும் சட்டத்தை இயற்றியது. இந்தியாவில் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. மறு ஆண்டு வந்த விதிகளின்படி, குழந்தைக் கலைஞர் நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் பணியாற்றலாகாது. வருவாயில் 20 விழுக்காடேனும் குழந்தையின் பெயரில் வைப்பாக இருத்தல் வேண்டும்.

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். கரைக்கான நாடாவை எறிய நெசவாளிக்கு இன்னொரு கை வேண்டும். நெடுங்காலம் அக்கை பெரும்பாலும் ஒரு சிறுவனுடையதாகவோ சிறுமியுடையதாகவோ இருந்தது. அவர்களைத் தறியருகே அமர்த்திய பெற்றோரை எந்தத் திரைப்படமும் கொடியவராக்கவில்லை. அவர்களது வறுமை நமக்குத் தெரிந்திருந்தது. தொலைக்காட்சிப் போட்டியில் பாடும் குழந்தையையும், ஒளிவட்டத்துக்கு வெளியே கைபிசைந்து நிற்கும் தாயையும் இன்று காண்கையில், அவளைத் தீர்ப்பிடுமுன் நாம் கேட்க வேண்டியவை இரண்டு. இந்தப் பாட்டு யாருக்குரியது? இதற்கு விலை கொடுப்பவர் யார்? இரண்டாவது கேள்விக்கான விடையில், இருக்கையில் அமர்ந்து கைதட்டும் நாமும் அடங்குகிறோம்.