கலந்து பார்க்கும் கணக்கு

இரண்டு விகிதங்களுக்கிடையே நிஜமாகவே வித்தியாசம் உண்டா என்று பார்க்கும் சோதனையில் எனக்கு ரொம்பப் பிடித்தது, விடைக்கு முன்னால் வரும் ஒரு படி. 1954இல் அமெரிக்காவில் நடந்த போலியோ தடுப்பூசிச் சோதனையின் எண்களை எழுதிக்கொண்டு, பென்சிலைச் சீவி உட்காருவேன். தடுப்பூசி பெற்ற சுமார் 2 லட்சம் பிள்ளைகளில் 57 பேருக்கு நோய். மருந்தில்லாத ஊசி பெற்ற ஏறக்குறைய அதே அளவு பிள்ளைகளில் 142 பேருக்கு. பார்த்ததும் மனம் தீர்ப்புச் சொல்லத் துடிக்கும். கணக்கோ கையைப் பிடித்து நிறுத்துகிறது: ‘வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொள்.’ உடனே இரண்டு கூட்டத்தையும் ஒரே பானையில் கொட்டிக் கலக்குகிறோம். 4 லட்சத்தில் 199.

அந்தப் பொது விகிதத்தை வைத்து, தற்செயல் மட்டுமே எவ்வளவு ஆட்டம் காட்டும் என்று வர்க்கமூலம் போட்டு அளக்க வேண்டும். தாளில் பென்சில் உரசும் சத்தம். தசமப் புள்ளிக்குப் பின் வரிசை கட்டும் பூஜ்யங்களை விரல் வைத்து எண்ணும் நிதானம். ஒன்று தப்பினாலும் முதலிலிருந்துதான். கடைசியில் வித்தியாசத்தை அந்த ஆட்டத்தால் வகுத்தால், 6. இரண்டைத் தொட்டாலே நிமிர்ந்து உட்காரும் இடத்தில் ஆறு! தற்செயலுக்கு முழு வாய்ப்பும் கொடுத்த பிறகு கிடைத்த அந்த எண்ணுக்கு அடியில் மெல்லக் கோடு போடுவேன்.