மணிக்கு 3.01 டாலர்

செய்தி எழுதுவதில் ரசிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கும் இளம் நிருபர்களுக்கு நான் இரண்டு பிரதிகளைப் பரிந்துரைப்பது வழக்கம். இரண்டும் ஒரே மரணத்தைப் பற்றியவை. எழுதியவர்கள் வேறு வேறு.

1963 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை. டல்லாஸ் நகரில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் ஊர்வலம். பின்னால் வந்த பத்திரிகையாளர் காரில் ஒரே ஒரு ரேடியோ டெலிபோன்தான் இருந்தது. யு.பி.ஐ. செய்தி நிறுவனத்தின் நிருபர் மெரிமன் ஸ்மித் முன்சீட்டில் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெடிச்சத்தம் கேட்டதும் போனை எடுத்தவர், பின்சீட்டிலிருந்து போட்டி நிறுவனமான ஏ.பி.யின் நிருபர் பிடுங்கப் பார்த்தும் விடவில்லை. ஊர்வலத்தை நோக்கி மூன்று முறை சுட்டிருக்கிறார்கள் என்பதுதான் அவர் சொன்ன முதல் செய்தி. யார் சுட்டது, ஜனாதிபதிக்கு என்ன ஆயிற்று என்பது அந்த நிமிடத்தில் அவருக்குத் தெரியாது. தெரியாததை அவர் சொல்லவும் இல்லை. முக்கியமானது முதலில், தெரிந்தது மட்டும், சிக்கனமான சொற்களில். பத்திரிகை வகுப்பின் முதல் நாள் பாடம் இது. நெஞ்சு படபடக்கும் நேரத்திலும் அதைக் கைவிடாததுதான் தேர்ச்சி. மறு ஆண்டு ஸ்மித்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இரண்டாவது பிரதி நவம்பர் 26 அன்று நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூனில் வந்தது. ஜிம்மி பிரெஸ்லின் எழுதிய பத்தி அது. முந்தைய நாள் வாஷிங்டனில் இறுதி ஊர்வலம். பிரான்சின் த கோல், எத்தியோப்பியாவின் ஹைலே செலாசி என உலகத் தலைவர்கள் நடந்து போனார்கள். நிருபர் கூட்டம் முழுவதும் அங்கே. பிரெஸ்லின் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், கென்னடிக்குக் குழி தோண்டியவரைத் தேடிப் பிடித்தார். பெயர் கிளிஃப்டன் பொல்லார்ட். வயது 42.

பேட்டி என்றால் கூர்மையான கேள்வி கேட்டு எதிராளியை மடக்குவது என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். இந்தப் பத்தியில் அப்படி ஒரு கேள்விகூட இருந்திருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை பொல்லார்ட் ஒன்பது மணிக்கு எழுந்தார். வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று ஊகித்துக் காக்கி உடுப்பைப் போட்டுக்கொண்டார். மனைவி பன்றி இறைச்சியும் முட்டையும் சமைத்துக் கொடுத்தார். பாதிச் சாப்பாட்டில் மேஸ்திரியின் போன் வந்தது. பிரெஸ்லினின் முதல் பாரா முழுக்க இப்படித்தான் போகிறது. எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், என்ன உடுத்தினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், போனில் யார் பேசினார்கள்? யாரும் கூச்சமில்லாமல் பதில் சொல்லக்கூடிய கேள்விகள். அவற்றைக் கேட்க நிருபருக்குத்தான் கூச்சமாக இருக்கும், அற்பமாகத் தோன்றும் என்பதால். துக்கத்தை நேராகக் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். காலைச் சாப்பாட்டைக் கேட்டால் அந்த ஒரு மனிதர் மட்டும் சொல்லக்கூடிய பதில் கிடைக்கும்.

அப்புறம் கூலி. மணிக்கு 3.01 டாலர். அந்த ஒரு சென்ட்டை நான் எத்தனையோ முறை வியந்திருக்கிறேன். ‘சுமார் மூன்று டாலர்’ என்று எழுதியிருந்தால் அது தகவலோடு நின்றிருக்கும். ஒரு சென்ட் சேர்ந்ததும் அது ஒரு தொழிலாளியின் சம்பளச் சீட்டாகிவிடுகிறது. அந்தத் தொகையை பிரெஸ்லின் முப்பத்தைந்தாவது ஜனாதிபதி என்ற சொற்களோடு ஒரே வாக்கியத்தில் வைக்கிறார். ஏழை என்றோ எளியவர் என்றோ எழுதவில்லை. இரண்டாம் உலகப் போரில் பொல்லார்ட் பர்மாவில் சிப்பாயாக இருந்தவர் என்பதும் ஒரு வரியில் வந்து போகிறது. முன்னாள் ராணுவ வீரர் என்று அவரைத் தூக்கிப் பிடிக்க அது எவ்வளவு வசதியான இடம்! பிரெஸ்லின் செய்யவில்லை.

பத்தியின் நடுப்பகுதி எனக்கு அவ்வளவு உவப்பில்லை. கென்னடியின் மனைவி ஜாக்குலின் கல்லறையை நோக்கி நடந்து வருவதை அங்கே விவரிக்கிறார். அவரிடம் பேச வழியில்லை, தூரத்திலிருந்து பார்க்கத்தான் முடிந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத இடத்தில் வர்ணனை பெருகுகிறது, வாக்கியங்கள் உருகத் தொடங்குகின்றன. பேட்டி ஓர் எழுத்துக்கு என்ன தருகிறது என்பதை இந்த இரண்டு பகுதிகளையும் அடுத்தடுத்துப் படித்தாலே உணரலாம்.

முடிவில் மறுபடி பொல்லார்ட். அடக்கம் நடந்த நேரத்தில் அவர் அங்கே இல்லை. குன்றுக்குப் பின்னால், யாருக்கென்று தெரியாத வேறு குழிகளைத் தோண்டிக்கொண்டிருந்தார், அதே 3.01 டாலருக்கு. எட்டிப் பார்க்கப் போனவரைக் கூட்டம் அதிகம் என்று ஒரு சிப்பாய் திருப்பி அனுப்பிவிட்டார். இதை பொல்லார்ட் தன் வாயாலேயே சொல்கிறார். நிருபர் ஒரு சொல்லும் சேர்க்காமல் ஒதுங்கி நிற்கிறார். பேசுகிறவர் ஓய்ந்த பிறகும் நோட்டுப் புத்தகத்தை மூடாமல் காத்திருப்பவருக்குத்தான் இப்படிப்பட்ட பேச்சு கிடைக்கும்.

பிரெஸ்லினின் வழி கவர்ச்சியானது என்பதால் மாணவர்கள் நேராக அங்கே தாவிவிடுகிறார்கள். மாநகராட்சிக் கூட்டத்தைப் பற்றிய செய்தியையும் யாரோ ஒருவரின் காலை காபியில் ஆரம்பிக்கிறார்கள். தீர்மானம் நிறைவேறியதா என்பது ஆறாவது பாராவில் வருகிறது. அது வாசகருக்குச் செய்யும் அநியாயம். கென்னடி இறந்ததை ஊரே அறிந்த பிறகுதான் பிரெஸ்லின் குழி தோண்டியவரிடம் போனார். யாருக்கும் எதுவும் தெரியாத நேரத்தில் தேவைப்பட்டது ஸ்மித்தின் ஒற்றை வரி. முதலில் ஸ்மித்தின் வரியை எழுதப் பழகுங்கள்.

பிறகு பிரெஸ்லினின் பத்தியைத் தேடிப் பிடித்து, பென்சிலோடு உட்காருங்கள். ஒவ்வொரு தகவலும் எந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலாக இருக்கும் என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். அடுத்த பேட்டிக்கு அந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு போங்கள்.