கோணல் கோடு நேரானபோது

ராயகிரியில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு ஹங்காமா தொலைக்காட்சியில் தமிழ் பேசும் ஷின்சான் அடுத்த வீட்டுப் பையன் மாதிரி. யோஷிதோ உசுய் 1990இல் பெரியவர்களுக்கான வார இதழில் வரையத் தொடங்கிய சித்திரக்கதை அது; 1992 ஏப்ரலில் ஜப்பானின் டிவி அசாஹியில் தொடரானது. முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் அவனுக்கு ஐந்து வயதுதான். அவனை வரைகிற கை மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

ஆரம்ப ஆண்டுகளின் கோடு கோணலானது. கன்னம் ஒரு பக்கம் பிதுங்கும். அம்மா மிட்சிக்குக் கோபம் வந்தால் முகமே உருக்குலையும்; குட்டு விழுந்த தலையில் வீக்கம் புடைத்து எழும்பும். வண்ணமும் செல் எனப்படும் ஒளிபுகும் தாளில் கையால் பூசியது. 2000களின் தொடக்கத்தில் அது கணினிக்குப் போனது. நிறம் பளிச்சென்று ஆயிற்று, முகங்கள் உருண்டன. கூடவே அந்தக் கோபத்தின் வேகமும் குறைந்துவிட்டது. பிற்கால மிட்சி கத்துகிறாள், ஆனால் உடம்பு முழுக்கக் கோபப்படுவதில்லை.

பிற்காலத்தில் குட்டும் குறைந்தது; அது சரியே. குட்டுவதைச் சாதாரணமாக நினைக்கும் நம் வீடுகளில் அது சிரிப்பாக வராமலிருப்பது நல்லது. என் குறை வேறு: குட்டு இருந்த இடத்தில் அதே தாளக்கட்டுள்ள இன்னொரு நகைச்சுவையைப் பிற்காலத்தவர்கள் கண்டுபிடிக்கவில்லை. பல அத்தியாயங்கள் முடிச்சு அவிழாமலே முடிந்துபோகின்றன.

ஆனால் வளர்ந்ததும் உண்டு. 1996இல் தங்கை ஹிமாவாரி பிறந்ததும், பெற்றோரின் மானத்தை வாங்கும் பையனின் கதை ஒரு குடும்பத்தின் கதையாக விரிந்தது. அப்பாவின் நாறும் கால் பழைய வேடிக்கை. பார்த்ததும் மூக்கைப் பிடிப்பார்கள். கெய்இச்சி ஹாரா இயக்கிய 2001 திரைப்படத்தில், இளமை நினைவில் மயங்கித் தன்னையே மறந்த அப்பாவுக்கு மகன் அவருடைய ஷூவையே முகரக் கொடுக்கிறான். உழைத்த நாட்கள், கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் திரும்பி வந்து அவர் தேம்பி அழுகிறார். ஒன்பது வருடம் சிரிக்க வைத்த நாற்றம் இல்லாமல் அந்த அழுகை கிடையாது. நீண்ட தொடருக்கு மட்டுமே கிடைக்கும் பலம் இது.

நமக்கு இந்த வளர்ச்சி தெரியாமலே போகிறது. 2008இல் இங்கே ஒளிபரப்பு நின்று, பின்பு வெட்டுகளோடு திரும்பியது. அத்தியாயங்களும் முன்பின்னாக ஓடுகின்றன. ஒன்றில் பாப்பா தவழும், அடுத்ததில் பாப்பாவே இருக்காது. "பாப்பா எங்கே?" என்று கேட்கும் பிள்ளைக்கு வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. அத்தியாயத் தொடக்கத்தில் தயாரான ஆண்டைப் போட்டு, வரிசையாக ஒளிபரப்பினால், கோடு மாறுவதை அந்தப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.