புது ரவுட்டர் வந்ததும் மறைந்துபோகும் நாஸ்: சினாலஜி டிஎஸ்223ஜே அனுபவம்

வீட்டில் ரவுட்டரை மாற்றியதும் செல்போனில் நெட் வரும், டிவியில் படம் ஓடும். வீட்டு நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமித்து வைக்கும் நாஸ் பெட்டி மட்டும் எங்கும் தென்படாது. அதன் முகப்பில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், காதை வைத்துக் கேட்டால் டிஸ்க் சுற்றும் சத்தமும் கேட்கும். ஆனால் லேப்டாப்பில் பெயர் வராது, செல்போன் ஆப் இணைக்க முடியவில்லை என்று சொல்லும். டிஸ்க் போய்விட்டது, சேர்த்து வைத்ததெல்லாம் போய்விட்டது என்று நெஞ்சு பதறும் நேரம் அது. உண்மையான ஆபத்து அந்தப் பதற்றத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. நாஸ் பெட்டிகள் லினக்ஸ் முறையில் டிஸ்க்கை அமைக்கின்றன. விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும் என்று திரையில் ஒரு செய்தி வரும். அதில் ‘சரி’ என்று அழுத்தினால் அதுவரை பத்திரமாக இருந்த தகவல் உண்மையிலேயே போய்விடும்.

செஞ்சி வட்டாரத்தில் தளவானூரில் இருந்துகொண்டு நான் பயன்படுத்துவது சினாலஜியின் டிஎஸ்223ஜே. இரண்டு டிஸ்க் போடும் சிறிய பெட்டி, 2023இல் வந்த மாடல். 1 ஜிபி ரேம், ஒரே ஒரு ஜிகாபிட் லேன் போர்ட், யுஎஸ்பி போர்ட் இரண்டு. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவலை எழுதும்படி வைத்திருக்கிறேன். ஒன்று கெட்டால் மற்றது காப்பாற்றும். உள்ளே இருப்பது பெரும்பாலும் படங்கள். ஊரின் மலையில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சத்ருமல்லேசுவரம் தெற்கு நோக்கிய குடைவரை. மார்கழி, தை மாதங்களில் வெயில் தாழ்ந்து சாய்வாக உள்ளே விழும்போதுதான் தூண்களுக்கு மேலுள்ள மகர தோரணமும் கல்வெட்டு எழுத்துகளும் நிழல் பிடித்துத் தெளிவாகப் படமாகும். தவறவிட்டால் அடுத்த மார்கழிதான். மண்டகப்பட்டு, பனமலை, சிங்கவரம், திருநாதர்குன்று என்று சுற்றுவட்டாரப் படங்களும் அதில்தான். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு முன் அது இருந்த நிலையைக் காட்டும் படங்களை இனி யாராலும் எடுக்க முடியாது. ஆகவே இந்தப் பெட்டி காணாமல் போவது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

பழைய இணைப்பை விட்டு ஃபைபருக்கு மாறினோம். இணைப்புக் கொடுக்க வந்த தம்பி புது ரவுட்டரை மாட்டி, “அண்ணே, நெட் வந்திருச்சு, செல்லுல பாருங்க” என்று சொல்லிக் கிளம்பினார். செல்லில் வந்தது. நாஸில் வரவில்லை. பக்கத்தில் நின்ற தங்கை மகன், “மாமா, பின்னாடி ரீசெட் ஓட்டை இருக்கு, அழுத்திடவா?” என்று கேட்டான். வேண்டாம் என்று தடுத்தேன். அழுத்துவதற்கு முன் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன.

காரணம் எளிது. வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒரு ஐபி முகவரி தருகிறது. பழைய ரவுட்டர் 192.168.1 என்று தொடங்கும் வரிசையில் கொடுத்து வந்தது. புதியது 192.168.29 வரிசை. 192.168.0, 192.168.100 என்று வேறு வரிசைகளும் உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செல்போனும் டிவியும் புது முகவரியைக் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. நாஸுக்கு மட்டும் நாம் நிலையான முகவரி போட்டு வைத்திருப்போம், லேப்டாப் எப்போதும் ஒரே இடத்தில் அதைத் தேடட்டும் என்பதற்காக. ஊர் மாறிப் போன பிறகும் பழைய தெருப் பெயரையே வாசலில் எழுதி வைத்திருக்கும் வீடு மாதிரி அது நிற்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, தபால்தான் வந்து சேரவில்லை. நிலையான முகவரி போடாதவர்களுக்கும் பாதித் தொல்லை உண்டு. பெட்டி புது முகவரி வாங்கிக்கொள்ளும், ஆனால் லேப்டாப்பில் பழைய எண்ணைக் கொடுத்து உருவாக்கிய டிரைவ் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழும். அவர்களுக்கு வேலை குறைவு: சினாலஜியின் ஃபைண்ட் டாட் சினாலஜி டாட் காம் பக்கத்தைத் திறந்தால் பெட்டி புது எண்ணோடு நிற்கும்.

நிலையான முகவரி போட்டவர்களுக்கு நான் சொல்லும் வழி ரவுட்டரை முழுவதும் விலக்கிவிடுவது. ஒரு லேன் கேபிளை எடுத்து நாஸையும் லேப்டாப்பையும் நேராக இணையுங்கள். இன்றைய கருவிகளுக்குத் தனி கிராஸ் கேபிள் தேவையில்லை. வைஃபையை அணைத்துவிட்டு, லேப்டாப்பின் லேன் செட்டிங்கில் பழைய வரிசையிலேயே ஒரு முகவரியைக் கையால் கொடுங்கள். நாஸ் 192.168.1.50 என்றால் லேப்டாப்புக்கு 192.168.1.10, சப்நெட் மாஸ்க் 255.255.255.0. இப்போது பிரவுசரில் நாஸின் எண்ணைப் போட்டு, முக்காற்புள்ளி வைத்து 5000 என்று சேர்த்தால் உள்ளே நுழையும் பக்கம் திறக்கும். படங்கள் அனைத்தும் அப்படியே இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு மற்ற வேலையை நிதானமாகச் செய்யலாம். பழைய எண் நினைவில் இல்லை என்றால் சினாலஜி அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருள் உதவும். அது எண்ணைக் குறித்துத் தேடுவதில்லை. அந்தக் கம்பியில் இருக்கும் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்கிறது, அதனால் வேறு வரிசையில் இருக்கும் பெட்டியையும் கண்டுபிடித்துவிடும். ரவுட்டரில் மாட்டியிருக்கும்போது 169.254 என்று தொடங்கும் எண் காட்டினால் பெட்டி முகவரி கேட்டும் யாரும் கொடுக்கவில்லை என்று பொருள். கேபிளையும் ரவுட்டர் போர்ட்டையும் பாருங்கள்.

அந்த ரீசெட் துளைக்கும் ஒரு வேலை உண்டு. சினாலஜியில் ஒரு பீப் ஒலிக்கும் வரை, சுமார் 4 விநாடி, அழுத்தினால் அட்மின் பாஸ்வேர்டும் நெட்வொர்க் செட்டிங்கும் தொடக்க நிலைக்குப் போகும்; கோப்புகள் அழியாது. ஆனால் விட்டுவிட்டு உடனே மறுபடி அழுத்தினால் இயங்குதளத்தையே திரும்ப நிறுவச் சொல்லும் நிலைக்குப் போய்விடும். பதற்றத்தில் இருக்கும் கை ஒரு பீப்போடு நிற்காது. நேர் கேபிள் வழி இருக்கும்போது அங்கே போகவே தேவையில்லை. வேறு கம்பெனிப் பெட்டிகளில் இதே துளை வேறு விதமாக நடந்துகொள்ளும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

உள்ளே போன பிறகு எதை மாற்றுவது? நாஸை மாற்றாதீர்கள், ரவுட்டரை மாற்றுங்கள் என்பேன். புது ரவுட்டரின் லேன் முகவரியைப் பழையபடி 192.168.1.1 ஆக்கிவிட்டால் நாஸ், பிரின்டர், கேமரா ரெக்கார்டர், லேப்டாப் டிரைவ் எல்லாம் ஒரே அடியில் பழைய இடத்துக்கு வந்துவிடும். சில இணைப்புகளில் தரும் ரவுட்டரில் இந்தப் பக்கம் பூட்டப்பட்டிருக்கும். அப்போது நாஸை, ரவுட்டரிடம் முகவரி கேட்டு வாங்கும் டிஎச்சிபி முறைக்கு மாற்றி, ரவுட்டரில் அதன் மேக் முகவரிக்கு ஒரு எண்ணை ஒதுக்கி வைத்தால் போதும். மேக் முகவரி பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கிறது. பல சினாலஜி பெட்டிகளில் 00:11:32 என்று தொடங்கும். இப்படிச் செய்தால் அடுத்த முறை ரவுட்டர் மாறினாலும் பெட்டி தானே எழுந்து வரும்.

முகவரி சரியான பிறகும் விண்டோஸ் லேப்டாப்பில் நாஸ் தெரியாமல் போகும். பலரை மணிக்கணக்கில் அலைய வைப்பது இதுதான். புது ரவுட்டர் என்றால் விண்டோஸுக்கு அது அறியாத இடம். ரயில் நிலைய வைஃபையைப் போல அதைப் பொது நெட்வொர்க் என்று முடிவு செய்து, மற்ற கருவிகளைத் தேடுவதை நிறுத்திவிடும். வைஃபையின் விவரப் பக்கத்தில் அதைத் தனிப்பட்ட நெட்வொர்க் என்று மாற்றினால் நாஸ் உடனே எட்டிப் பார்க்கும். பழைய நாஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: கோப்புகளைப் பகிரப் பயன்படும் எஸ்எம்பி முறையின் முதல் பதிப்பை 2017 முதலே விண்டோஸ் 10 தானாக நிறுவுவதில்லை. லேப்டாப்பில் அதைத் திரும்ப இயக்குவதை விட நாஸின் மென்பொருளைப் புதுப்பிப்பது பாதுகாப்பானது.

கோப்புகள் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. நாஸில் கையால் எழுதிய கேட்வேயும் டிஎன்எஸும் இன்னும் பழைய ரவுட்டரைக் காட்டிக்கொண்டிருக்கலாம். வீட்டுக்குள் எல்லாம் சரியாக நடக்கும், ஆனால் நாஸுக்கு மட்டும் இணையம் இருக்காது. அது சத்தம் போடாது. வெளியே அனுப்பும் காப்புப் பிரதி நின்றுபோகும், டிஸ்க் கெட்டுப்போனால் வர வேண்டிய மின்னஞ்சலும் வராது. கடிகாரம் இணையத்தோடு ஒத்துப் பார்க்க முடியாமல் மெல்ல நகரும். நாளாக ஆக, பாஸ்வேர்டோடு சேர்த்துக் கேட்கப்படும், செல்போன் காட்டும் ஆறு இலக்க எண்ணை நாஸ் ஏற்க மறுத்து, நம் வீட்டுப் பெட்டிக்குள் நாமே நுழைய முடியாமல் நிற்போம். கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து அந்த இரண்டு எண்களையும் மாற்றுங்கள். ஃபயர்வாலில் பழைய வரிசைக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தால் அதையும் பாருங்கள்.

நம் ஊர் வீடுகளில் இன்னொரு சிக்கல் அடிக்கடி வருகிறது. ஃபைபர்காரர் தரும் பெட்டியிலேயே வைஃபை இருக்கும். அது பின்னறைக்கு எட்டாது என்று கடையில் ஒரு ரவுட்டர் வாங்கி அதோடு இணைப்போம். இப்போது வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க். நாஸ் ஒன்றில், செல்போன் மற்றொன்றில். பெயரைத் தேடினால் கிடைக்காது. எண்ணைப் போட்டால் ஒரு பக்கத்திலிருந்து கிடைக்கும், மறுபக்கத்திலிருந்து கிடைக்காது. இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

வேகம் குறைந்தால் போர்ட்டைப் பாருங்கள். சில ஃபைபர் பெட்டிகளில் ஒரு லேன் போர்ட் மட்டும் ஜிகாபிட், மற்றவை 100 எம்பிபிஎஸ். அவற்றில் ஒன்றில் மாட்டினால் விநாடிக்கு 110 எம்பி போன கோப்பு 11 எம்பியில் ஊரும். கேபிளில் எட்டு இழையில் ஒன்று அறுந்தாலும் இதே கதி ஆகலாம்.

வெளியூரிலிருந்து நாஸைத் திறக்கப் போர்ட் ஃபார்வர்டிங் செய்து வைத்தவர்களுக்கு ஃபைபரில் அது பெரும்பாலும் பலிக்காது. பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி (வான்) 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால் உங்கள் வீடும் அவற்றில் ஒன்று. இதை இழப்பாக நினைக்க வேண்டாம். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய மை புக் லைவ் பெட்டிகள் இணையத்துக்குத் திறந்து கிடந்த காரணத்தால் உலகெங்கும் ஒரே சமயத்தில் வெளியிலிருந்து துடைக்கப்பட்டன; பல ஆண்டுக் குடும்பப் படங்கள் அன்று அழிந்தன. 2022 ஜனவரியில் கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளை டெட்போல்ட் என்ற கும்பல் பூட்டிப் பணம் கேட்டது. வெளியூரிலிருந்து திறக்க சினாலஜியின் குவிக்கனெக்ட் சேவை, அல்லது டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் போதும். இரண்டுக்கும் ரவுட்டரில் கதவு திறக்க வேண்டியதில்லை, ரவுட்டர் மாறினாலும் அவை தாமே வழி தேடிக்கொள்ளும்.

டிஎஸ்223ஜே பற்றி என் மதிப்பீடு இது. முகவரிச் சிக்கலில் கண்டுபிடிக்கும் கருவியும் தெளிவான நெட்வொர்க் பக்கமும் இருப்பது இதன் பெரிய பலம். விலை குறைந்த பல பெட்டிகளில் இவ்வளவு கிடைப்பதில்லை. மின்சாரச் செலவும் சிறியது. குறை என்றால் ரேம். 1 ஜிபியைக் கூட்ட வழியில்லை; ஆயிரக்கணக்கான படங்களை ஒரே நேரத்தில் ஏற்றினால் முகங்களைப் பிரித்து அடுக்க நெடுநேரம் எடுக்கும். படம் பார்க்க உதவிய வீடியோ ஸ்டேஷனை 2024இல் சினாலஜி நீக்கிவிட்டது. சினிமா சேமிக்க வாங்குபவர்கள் யோசிக்க வேண்டும். டிஸ்க்குகளையும் சேர்த்தால் ஒரு நடுத்தர லேப்டாப் விலை ஆகிவிடும். அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் யுஎஸ்பி வழியாகப் பேசும் யுபிஎஸ் ஒன்றையும் கணக்கில் சேருங்கள். கரண்ட் போனால் நாஸ் தானே முறையாக அணைந்துகொள்ளும். படங்களும் ஆவணங்களும் சேர்ப்பவர்களுக்கு வாங்கலாம் என்பேன். இரண்டு டிஸ்க் இருப்பதால் தனிப் பிரதி வேண்டாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள்.

ரவுட்டரை மாற்ற ஆள் வரும் முன் நாஸின் ஐபி முகவரி, மேக் முகவரி, அட்மின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டிவிடுங்கள். பழைய வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் புது ரவுட்டரிலும் அப்படியே இருக்கட்டும் என்று இணைப்புக் கொடுப்பவரிடம் கேளுங்கள். வீட்டில் யாராவது ரீசெட் அழுத்தப் போனால் முதலில் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.