ஆயிரம் வாரக் கடற்பயணம்

நீளமான கதை என்றாலே விமர்சகர்களுக்கு ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. சுருக்கமாகச் சொல்லத் தெரியாதவன்தான் நீட்டி முழக்குகிறான் என்பது அவர்கள் கட்சி. அந்தக் கட்சியில் நியாயம் இல்லாமல் இல்லை. வாராவாரம் தொடர்கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்தத் தொழிலின் ரகசியங்கள் கொஞ்சம் தெரியும். அத்தியாயத்தின் கடைசி வரியில் கதவு தட்டப்படும். அடுத்த வாரம் திறந்து பார்த்தால் பால்காரன் நிற்பான். இந்த மாதிரி வித்தைகளால் ஒரு கதையை ஓராண்டு இழுக்கலாம்; சாமர்த்தியம் இருந்தால் இரண்டாண்டு இழுக்கலாம். கால் நூற்றாண்டு இழுக்க முடியாது. அதற்கு வேறு சரக்கு வேண்டும்.

ஜப்பானியரின் 'ஒன் பீஸ்' என்ற சித்திரத் தொடரில் அந்தச் சரக்கு இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். எய்ச்சிரோ ஓடா என்பவர் 1997-ஆம் ஆண்டு ஜூலையில், 'ஷோனென் ஜம்ப்' என்ற வாரப் பத்திரிகையில் இதைப் படக்கதையாகத் தொடங்கினார். டோயி நிறுவனம் 1999 அக்டோபர் முதல் இதை அனிமே ஆக்கித் தொலைக்காட்சியில் காட்டி வருகிறது. 2021 நவம்பரில் ஆயிரமாவது பகுதி வெளியாயிற்று. இதே பத்திரிகையில் பிறந்த மற்றத் தொடர்களும் சாமானியமானவை அல்ல. 'நருடோ' 2002 முதல் 2017 வரை இரண்டு பாகங்களாக 720 பகுதிகள் ஓடிற்று. 'ப்ளீச்' 2012-ல் 366 பகுதிகளோடு நின்று, பத்தாண்டு கழித்து மறுபடி தொடங்கிற்று. அவற்றையும் ரசித்துப் பார்த்தவன் நான். அப்படியிருந்தும் இந்த ஒன்றைத் தனியே ஓர் ஆசனத்தில் உட்கார்த்தி வைக்கிறேன் என்றால், காரணம் சொல்லியாக வேண்டும் அல்லவா?

கதை எளிமையானது. லூஃபி என்ற பையன் ஒரு விசித்திரப் பழத்தைத் தின்றதால் அவன் உடம்பு ரப்பராகிவிடுகிறது. அந்தப் பழத்தின் சாபம், தின்றவனால் நீந்த முடியாது. நீந்தத் தெரியாத அந்தப் பையன் கடற்கொள்ளையர்களுக்கு அரசனாகப் போகிறேன் என்று ஒரு வைக்கோல் தொப்பியோடு கடலில் இறங்குகிறான். வழியில் ஒவ்வொருவராகத் துணை சேர்கிறார்கள். தீவு தீவாகப் போகிறார்கள். ஒவ்வொரு தீவிலும் ஒரு கொடியவன், அவனோடு சண்டை, பிறகு விருந்து.

இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். இவ்வளவு மட்டும் என்றால் இதைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை. வீரன் பலசாலி ஆவதும், அவனைவிடப் பலசாலியாக ஒரு பகைவன் வருவதும், வீரன் இன்னும் பலசாலி ஆவதும் எல்லாச் சாகசத் தொடர்களிலும் உள்ள ஏணிதான். இந்தக் கதையிலும் அந்த ஏணி உண்டு. மற்றத் தொடர்களில் ஏணியைத் தவிர வேறு எதுவும் நினைவில் நிற்பதில்லை. இங்கே ஏணியை மறந்துவிட்டு மனிதர்களை நினைவு வைத்திருக்கிறோம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பயணத்தின் தொடக்கத்தில், பெருங்கடலின் வாசலில், லாபூன் என்ற திமிங்கிலம் ஒன்று பாறைச் சுவரில் தலையை மோதிக்கொண்டே இருக்கிறது. உலகத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிறோம் என்று சொல்லிப் போன சில கொள்ளையர்களுக்காக அது ஐம்பது ஆண்டுகளாகக் காத்திருக்கிறது. அவர்கள் உன்னை விட்டு ஓடிவிட்டார்கள் என்று சொன்னால் நம்ப மறுக்கிறது. லூஃபி அதனோடு ஒரு சண்டை போட்டு, நம் சண்டை முடியவில்லை, திரும்பி வருவேன், அதுவரை தலையை மோதிக்கொள்ளாதே என்று அதன் நெற்றியில் தன் கொடியின் சின்னத்தை வரைந்துவிட்டுப் போகிறான். இது 2001-ல் வந்தது. வேடிக்கையான ஓர் இடைச்செருகல் என்று பார்த்தவர்கள் மறந்துவிட்டார்கள்.

2008-ல், பாடிக்கொண்டும் அசட்டு ஹாஸ்யம் பேசிக்கொண்டும் ஓர் எலும்புக்கூடு கதைக்குள் வருகிறது. ப்ரூக் என்று பெயர். தலையில் மட்டும் பெரிய பரட்டை முடி. அதை வைத்து எத்தனையோ கேலிகள். அந்த முடியைப் பறிகொடுக்காமல் அவன் ஏன் அத்தனை பாடுபடுகிறான் என்று தெரிய வரும்போது கேலி தொண்டையில் நின்றுவிடுகிறது. அந்தத் திமிங்கிலம் காத்திருக்கும் கூட்டத்தில் மிஞ்சியவன் அவன் ஒருவன்தான். சதையெல்லாம் போய்விட்ட தன்னை, முடியைக் கண்டாவது அது அடையாளம் தெரிந்துகொள்ளும் என்ற ஆசை.

இதைச் செய்வதற்கு வெறும் கெட்டிக்காரத்தனம் போதாது. ஏழாண்டுகளுக்கு முன் போட்ட விதை முளைக்கிறது என்றால், பார்க்கிறவனுடைய வாழ்க்கையிலும் ஏழாண்டு கழிந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பையன் உத்தியோகஸ்தனாகியிருப்பான். திமிங்கிலம் காத்திருந்தது என்பதை அவன் கணக்காகத் தெரிந்துகொள்ளவில்லை. தானும் கூடவே காத்திருந்து உணர்கிறான். இரண்டு மணி நேரப் படமோ முந்நூறு பக்க நாவலோ தர முடியாத அனுபவம் இது. நீளம் இங்கே குற்றமாகாமல் கருவியாகிவிடுகிறது.

இரண்டாவது காரணம், கதாநாயகனின் மனப்பாங்கு. நாமி என்ற பெண் எட்டு ஆண்டுகளாக ஒரு கொடியவனிடம் அடிமைப்பட்டு, தன் கிராமத்தை விலை கொடுத்து மீட்கத் திருடித் திருடிப் பணம் சேர்க்கிறாள். அவளுடைய துன்பக் கதையை அவள் அக்கா சொல்ல வரும்போது, மற்றவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். லூஃபி எனக்கு அது வேண்டாம் என்று உலாவப் போய்விடுகிறான். எத்தனை சரியான நுட்பம் இது! துன்பத்தை ஆதாரத்தோடு நிரூபித்தால்தான் உதவி என்பது தர்மகர்த்தாக்களின் புத்தி. நண்பனுக்கு அவள் அழைத்தால் போதும். சேர்த்த பணமும் சூழ்ச்சியால் பறிபோய், தோளில் குத்தப்பட்ட அடிமைச் சின்னத்தைத் தானே கத்தியால் குத்திக் கிழித்துக்கொண்டு அவள் உதவி கேட்கும்போது, அவன் ஒன்றும் கேட்காமல் தன் தொப்பியை அவள் தலையில் வைத்துவிட்டு நடக்கிறான்.

மூன்றாவது, இந்தக் கதையின் உலகம் வீரனுக்காகக் காத்திருப்பதில்லை. அங்கே ஓர் உலக அரசாங்கம் இருக்கிறது. மறைக்கப்பட்ட சரித்திரத்தைப் படிக்க முயன்றார்கள் என்பதற்காக அது ஓஹாரா என்ற அறிஞர்களின் தீவையே கொளுத்தி, தப்பிய எட்டு வயதுச் சிறுமி ராபின் தலைக்கு விலை வைக்கிறது. அந்தச் சிறுமி வளர்ந்து, தான் உயிரோடிருப்பதே குற்றம் என்று நம்பிப் போகிறாள். அவளை மீட்பதற்காக லூஃபி அந்த அரசாங்கத்தின் கொடியையே எரிக்கச் செய்கிறான். சிறுவர்களுக்கான கதையில் சட்டம் வேறு, நியாயம் வேறு என்று இத்தனை துணிச்சலாகச் சொன்னவர் குறைவு. அதே சமயம், வென்ற தீவு எதையும் லூஃபி ஆள விரும்புவதில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டுவிடுகிறான். அவன் அகராதியில் அரசன் என்றால் கடலில் மிகவும் சுதந்திரமானவன், அவ்வளவுதான்.

குறைகளை மறைத்துப் புகழ்வது விமர்சனமாகாது. படக்கதையை எட்டிப் பிடித்துவிடக் கூடாதே என்று அனிமேக்காரர்கள் செய்த தாமதம் பொறுமையைச் சோதிப்பது. ட்ரெஸ்ரோசா என்ற ஒரே தீவில் 118 பகுதிகள்! ஒருவன் ஓங்கிய கை இறங்குவதற்குள் சுற்றி நிற்கும் பத்துப் பேர் முகத்தையும் காட்டிவிடுகிறார்கள். பெண்களை வரைவதில் ஓடாவுக்கு ஒரே அச்சுத்தான். நிகழ்காலக் கதையில் சாக வேண்டியவர்கள் அநேகமாகச் சாவதில்லை. குண்டோடு விண்ணில் வெடித்தவன்கூடக் கட்டுப் போட்டுக்கொண்டு உயிரோடு வந்துவிடுகிறான். லூஃபியின் அண்ணன் ஏஸ் மாண்டபோது நம்மை உலுக்கிய உலுக்கலைப் பார்த்தால், மரணத்தைக் கையாளத் தெரியாதவர் அல்ல ஓடா என்று தெரிகிறது. தெரிந்தவர் இத்தனை சலுகை காட்டியிருக்க வேண்டாம்.

இந்தக் குறைகள் எல்லாம் வாரப் பத்திரிகைக் கதையின் குறைகள். அதன் நிறைகளோ பெரிய நாவல்களின் நிறைகள். ஞாபகம், வாக்குறுதி, காத்திருத்தல் ஆகிய மூன்றையும் இத்தனை சிரத்தையோடு காப்பாற்றிய சாகசக் கதை வேறொன்றை நான் காணவில்லை.

ஆயிரம் பகுதிகளா என்று மலைக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. நாமியின் கதை 31 முதல் 44 வரை பதினான்கே பகுதிகளில் முடிந்துவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு மனம் அசையவில்லை என்றால் இந்தத் தொடர் உங்களுக்கு அல்ல, தாராளமாக விட்டுவிடலாம். அசைந்தது என்றால், பாறையில் தலையை மோதும் அந்தத் திமிங்கிலம் வரை போய்ப் பாருங்கள். அங்கிருந்து திரும்ப மனம் வராது. அந்தக் கப்பல் இன்னும் அதனிடம் திரும்பிப் போகவில்லை. அந்த நாள் வரும் என்ற நம்பிக்கையில்தான் நானும் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.