சூப்பர்மேனும் மனிதாவதாரமும்: சித்திரப் படங்கள் குறித்து ஒரு திறனாய்வு

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை வட்டாரத்துச் சபைகளில் கோடை விடுமுறை வேதாகமப் பள்ளி நடைபெறும்போது சூப்பர்மேனும் அங்கு வந்து சேர்வது வழக்கமாகிவிட்டது. விண்ணுலகத் தந்தை தம் ஒரே மகனை மண்ணுலகுக்கு அனுப்பினார். அவர் எளியோர் இல்லத்தில் வளர்ந்தார். வல்லமையால் மக்களைக் காத்தார். ஆகவே அவர் கிறிஸ்துவுக்கு நிழலாவார் என்பது நம் வாலிபர் கூட்டப் பிரசங்கங்களில் பழகிப்போன உவமை. பிள்ளைகள் அறிந்த பாத்திரத்திலிருந்து தொடங்குவது நல்ல போதனா முறையே. எனினும் இவ்வுவமையைக் கையாளும் ஆயர்கள் அந்தச் சித்திரப் படங்களை அமர்ந்து பார்த்திருக்கின்றனரா என்னும் ஐயம் நமக்கு உண்டு.

1938-ஆம் ஆண்டில் இப்பாத்திரத்தை வெளியுலகுக்குத் தந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் ஆகிய இருவரும் கிளீவ்லாந்து நகரில் வாழ்ந்த யூத இளைஞர்கள். அழிவுக்குத் தப்பும்படி பெற்றோர் ஒரு கலத்தில் வைத்து அனுப்பிய குழந்தை என்றவுடன் நம் நினைவுக்கு வரவேண்டியவர் மோசே. கிரிப்டன் கோளின் தந்தை உலகைக் காப்பாற்ற மகனை அனுப்பவில்லை. மகனைக் காப்பாற்றவே உலகுக்கு அனுப்பினார். யோவான் மூன்றாம் அதிகாரம் கூறும் அனுப்புதலுக்கு இது நேர்மாறானது. இவ்வேறுபாட்டை மங்கச் செய்தது நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்ட 1978-ஆம் ஆண்டுத் திரைப்படம். நம் பிரசங்க உவமையின் ஊற்றும் பெரும்பாலும் அதுவே.

சித்திரப் படங்களின் வரலாறு 1941-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு முதல் 1943 வரை பாரமவுண்ட் நிறுவனம் 17 குறும்படங்களை வெளியிட்டது. முதல் ஒன்பதும் ஃபிளைஷர் சகோதரர்களின் கலைக்கூடத்தில் உருவானவை. முதற்படம் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஒளியும் நிழலும் கலந்த அவ்வோவியங்களின் அழகை எவரும் மறுக்க இயலாது. ஆனால் அவற்றில் கிளார்க் கென்ட் என்னும் மனிதனுக்கு இடமே இல்லை. ‘தி மெக்கானிக்கல் மான்ஸ்டர்ஸ்’ படத்தில் அவர் தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைகிறார். வெளியே வருபவர் சூப்பர்மேன். கிளார்க் வெறும் சட்டை, கழற்றினால் தீர்ந்தது. கிறிஸ்துவின் மனிதத்தன்மை வெறும் தோற்றமே என்று ஆதித் திருச்சபையில் போதித்த தோசெட்டியரின் கொள்கை இதுவன்றோ? அடுத்த ஆண்டில் வெளியான ‘ஜாப்போட்டியர்ஸ்’ படத்தில் இவ்வீரர் ஜப்பானியரை முறியடிக்கும் அமெரிக்கப் போர்வீரராகவும் சுருங்கிவிடுகிறார்.

சூப்பர்மேன் அச்சில் தோன்றிய அதே 1938-இன் டிசம்பரில், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் அகில உலக மிஷனெரி மாமன்றம் கூடியது. அதனையொட்டிச் சென்னை நண்பர் குழாம் வெளியிட்ட நூலில் எழுதியவர்களுள் வி. சக்கரையும் ஒருவர். இயேசுவை அவதாரம் என்றழைக்கத் தயங்காத சக்கரை ஒன்றை வற்புறுத்தினார்: ஏனைய அவதாரங்கள் பணி முடிந்ததும் மறைகின்றன, இயேசுவின் மனிதத்தன்மையோ நிலையானது, உயிர்த்தெழுதலுக்குப் பின்னும் தொடர்வது. நம் ஊர்ப்பிள்ளைகளுக்குப் புராண அவதாரங்களும் தெரியும், தொலைக்காட்சி வீரர்களும் தெரியும். இவ்விரண்டினின்றும் நற்செய்தியை வேறுபடுத்திக் காட்டும் உரைகல்லைச் சக்கரை நமக்குத் தந்திருக்க, அதனை விட்டுவிட்டுத் தொலைபேசிக் கூண்டை நாடுவானேன்?

1973-இல் தொடங்கிய ‘சூப்பர் ஃப்ரெண்ட்ஸ்’ தொடரைப் பற்றி இங்கு அதிகம் சொல்வதற்கில்லை. 2018, 2019-ஆம் ஆண்டுகளில் வந்த இரு படங்கள் சூப்பர்மேனின் மரணத்தையும் மீட்சியையும் காட்டுகின்றன. உயிர்ப்பு ஞாயிறுப் பிரசங்கத்துக்கு இவை ஏற்றவை என எண்ணுவோர் உளர். சூப்பர்மேன் மீள்வது தம் பழைய வாழ்வுக்கே. இது பெத்தானியா லாசருவின் கதைக்கு நெருங்கியதேயன்றி வெறுமையான கல்லறையின் செய்தியன்று. இவற்றைவிட, பிராட் பேர்ட் இயக்கிய ‘தி அயர்ன் ஜயண்ட்’ (1999) நமக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. அதில் சூப்பர்மேன் நேரில் வருவதில்லை. போர்க்கருவியாகப் படைக்கப்பட்ட இயந்திர மனிதன், ஒரு சிறுவன் காட்டிய சூப்பர்மேன் சித்திரக்கதையைக் கண்டு, தானும் அவ்வாறாக விரும்புகிறான். ஊரைக் காக்க ஏவுகணையை எதிர்கொள்கிறான். இது கிறிஸ்துவியல் அன்று, சீஷத்துவம்.

எனினும் மனிதாவதாரத்தைப் பற்றி மாணவரோடு சிந்திக்க நாம் தெரிந்துகொள்வது 1996-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரின் ‘தி லேட் மிஸ்டர் கென்ட்’ (1997) என்னும் ஒரு பகுதியை. மரண தண்டனை பெற்ற ஒருவர் குற்றமற்றவர் என்பதைக் கிளார்க் செய்தியாளராக நின்று துப்புத்துலக்குகிறார். அவருடைய காரில் குண்டு வெடிக்கிறது, அவர் இறந்தார் என்று ஊர் நம்புகிறது, ஈமச்சடங்கும் நடக்கிறது. அப்போது சூப்பர்மேன் தம் வளர்ப்புப் பெற்றோரிடம், தாம் மெய்யாகவே கிளார்க் என்றும், எந்நேரமும் சூப்பர்மேனாகவே இருக்க நேர்ந்தால் தம்மால் தாங்க இயலாது என்றும் புலம்புகிறார். 1941-இல் கழற்றி எறியப்பட்ட சட்டை இங்கே ஆளாகிவிட்டது. பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தை விளக்கும் வகுப்பில், இத்தனை ஆண்டுச் சித்திரப் படங்களுள் இவ்விருபது நிமிடங்களே பயன்படும் என நாம் கருதுகிறோம்.

அங்கும் ஒரு தடை உண்டு. கிளார்க் ஊராரிடம் திரும்பி வருவது இட்டுக்கட்டிய விளக்கம் ஒன்றினால். கதையின் முடிவில், உண்மைக் குற்றவாளியான காவல் அதிகாரி வாயு அறையில் அமர்ந்திருக்கையில்தான் அவர் யார் என்பதைக் கண்டுகொள்கிறான். நூற்றுக்கு அதிபதியும் சிலுவையில் தொங்கிய கள்வனும் மரணத்தின் முன்னிலையில் அறிந்துகொண்டதை இதனோடு ஒப்பிடும்படி மாணவரைக் கேட்கலாம். இவ்வதிகாரிக்கோ அந்த அறிவினால் யாதொரு பயனும் இல்லை. அறைக்குள் வாயு திறந்துவிடப்படுகிறது.