கம்பெனி வீடு

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு மலை என்றால் அருவி. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்க்காரர்களுக்கு மலை என்றால் பிழைப்பும்கூட. "மூத்தவன் எஸ்டேட்டுல இருக்கான்" என்று ஒரு வீட்டில் சொன்னால் அது ஆரியங்காவு தாண்டிய ரப்பர்த் தோட்டமாக இருக்கலாம், மூணாறாக இருக்கலாம், அம்பாசமுத்திரத்துக்கு மேலே மாஞ்சோலையாகவும் இருக்கலாம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சியில்தான் இருந்தது; 1904-லேயே கொல்லத்துக்கு ரயில் ஓடியது. குற்றாலத்திலோ கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே கிராம்பும் சாதிக்காயும் நட்டுப் பார்த்துவிட்டார்கள். கம்பெனிக்காரனுக்கு மலையில் பயிர்வேலை பார்ப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல.

அந்த வேலையைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். வெளியில் இருப்பவர்கள் கொத்தடிமைத்தனம் என்பார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பெரியவர்களிடம் கேட்டால், "கம்பெனி எங்களுக்கு என்ன கொறை வச்சது?" என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டாவது பேச்சை விசுவாசம் என்று ஒதுக்கிவிட முடியாது. வீடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பிள்ளைக் காப்பகம் எல்லாம் கம்பெனி கொடுத்தது உண்மை. ஆனால் ஒன்றையும் தனியாகக் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் வேலையோடு முடிச்சுப் போட்டுக் கொடுத்தது. தோட்டக் கம்பெனி முறையின் பலத்தையும் கேட்டையும் பற்றி நான் சொல்ல வருவது அந்த முடிச்சைப் பற்றித்தான்.

மாஞ்சோலையை எடுத்துக்கொள்வோம். சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 8,373 ஏக்கர் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 1919-ல் சென்னையில் டி லா ஹே என்ற ஆங்கிலேயர் கொல்லப்பட்ட வழக்கில் ஜமீன் வாரிசின் பெயர் அடிபட்டு, வழக்குச் செலவில் ஏறிய கடனை அடைக்கத்தான் மலையை விட்டார்கள் என்பது ஊர்ப்பேச்சு. குத்தகை எடுத்தவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. 1863-ல் தொடங்கிய கம்பெனி. பர்மாவில் தேக்கு வெட்டியதில் கணக்குக் குறைத்தார்கள் என்று அந்நாட்டு அரசவை அபராதம் போட, அதையே சாக்காக வைத்து 1885-ல் ஆங்கிலேயர் படையெடுத்து மன்னர் திபாவை நாடு கடத்தினார்கள். இன்று அது வாடியா குழுமத்தின் கையில் இருக்கிறது. டீயில் நனைத்துத் தின்கிறோமே, அந்தப் பிரிட்டானியா பிஸ்கட் கம்பெனியில் பெரும்பங்கும் அதே குழுமத்தினுடையதுதான்.

இப்படிப்பட்ட கம்பெனி காட்டைத் திருத்தி மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று குடியிருப்புகளை உண்டாக்கியது. கீழே இருந்து ஏறிப்போனவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத தலித் குடும்பத்தினர். அவர்கள் விட்டுப்போனது வெறும் வறுமையை மட்டுமல்ல. வயல் வேலைக்குப் பண்ணையார் வீட்டு வாசலில் துண்டை இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டிய ஊரையும் விட்டுப் போனார்கள். மேலே பங்களாவில் 'துரை' இருந்தான், 'சின்னத்துரை' இருந்தான், அதிகாரம் அங்கேயும் படிப்படியாகத்தான் இறங்கியது. ஆனாலும் பல சாதிக் குடும்பங்கள் ஒரே லைனில் அடுத்தடுத்த கதவில் குடியிருந்தன. கூலியைக் கணக்குப் புத்தகம் தீர்மானித்தது, நாட்டாமை தீர்மானிக்கவில்லை. எஸ்டேட்டைத் திட்டுகிற பலரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

சட்டத்தின் பங்கும் உண்டு. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் எல்லாவற்றையும் முதலாளியின் கடமையாக்கியது. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு, வருங்கால வைப்பு நிதி, பேறுகால விடுப்பு, பணிக்கொடை எல்லாம் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் கிடைத்தன. அதே காலத்தில் இலஞ்சியிலும் புளியரையிலும் சேற்றில் குனிந்து நாற்று நட்ட பெண்ணுக்கு இதில் எது கிடைத்தது? பிள்ளையை வரப்பு மரத்தில் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டு நட்டாள். அறுபது வயதுக்குப் பிறகு அவளுக்குப் பணிக்கொடை என்று ஒரு பைசா கிடையாது. இந்த ஒப்பீட்டில் கம்பெனிதான் ஜெயிக்கும், மறுப்பதற்கில்லை.

அந்தச் சலுகைகளுக்காகச் செய்த வேலையையும் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நாலுமுக்கும் ஊத்தும் தமிழ்நாட்டின் மழைப் பட்டியலில் அடிக்கடி முதலிடத்துக்கு வரும் ஊர்கள். இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, காலில் அட்டை ஏறாமலிருக்கப் புகையிலையோ உப்போ தேய்த்துக்கொண்டு, சரிவில் நின்று இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறிக்க வேண்டும். பறித்ததை நிறுவைக்குக் கொண்டுவந்தால் சாக்கின் எடையைக் கழிப்பார்கள், நியாயம்தான். பிறகு இலை ஈரத்துக்கு என்று தண்ணீர் எடை கழிப்பார்கள். எவ்வளவு ஈரம் என்பதைத் தராசு சொல்லாது, நிறுப்பவர் கண்தான் சொல்லும். மழை கூடக் கூட கழிவும் கூடும். நனைந்தது பறித்தவள், அந்த நனைவுக்கான நஷ்டமும் அவள் கணக்கில். கூடுதல் கிலோவுக்குக் காசு என்று கம்பெனி பெருமையாகச் சொல்லும் ஊக்கத்தொகையில் எவ்வளவு இந்தக் கழிவில் கரைந்துபோகிறது என்று எந்த ஆண்டறிக்கையும் சொல்வதில்லை.

இதைக் கேட்டுச் சண்டை போட்டால் என்ன? அங்கேதான் முடிச்சு இறுகுகிறது. வேலை போனால் வீடு போகும். வீடு போனால் பிள்ளையின் பள்ளிக்கூடம், கிழவியின் மருந்து, பக்கத்து வீட்டு உறவு எல்லாம் ஒரே நாளில் போகும். கீழே ஒரு கட்டட வேலைக்காரன் மேஸ்திரியோடு சண்டை போட்டால் அன்றைய கூலியை இழப்பான். ராத்திரி தன் வீட்டில்தான் படுப்பான். தோட்டத் தொழிலாளிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஓய்வு பெற்றாலும் இதே கதை. லைன் வீட்டைத் தக்கவைக்க வேண்டுமானால் வீட்டில் யாராவது ஒருவர் பேர் பதிய வேண்டும். பத்தாம் வகுப்போ பன்னிரண்டோ முடித்த மகளை, அம்மா ஓய்வு பெறுகிற வருஷம் பார்த்துக் காட்டுக்கு அனுப்புவது இதனால்தான். கம்பெனி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். வீட்டுச் சாவி அந்த வேலையைச் செய்துவிடும்.

அப்படியும் எதிர்த்து நின்றார்கள். 1990-களின் கடைசியில் கூலி உயர்வு கேட்டு மாஞ்சோலைத் தொழிலாளர்கள் போராடினார்கள். 600-க்கும் மேற்பட்டோர் சிறைக்குப் போனார்கள். அவர்களை விடுவிக்கக் கோரி 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் பேரணி போனது. காவல்துறை தடியடி நடத்தியது. அடிக்குப் பயந்து ஆற்றில் இறங்கியதில், தாமிரபரணியில் பெண்களும் ஒரு குழந்தையும் உட்பட 17 பேர் பிணமானார்கள். அவர்களைக் கம்பெனி கொல்லவில்லை. ஒரு கூலித் தகராறு பேச்சுவார்த்தை மேசையிலேயே தீராமல் ஆற்றங்கரை வரை இறங்கிவர நேர்ந்தது ஏன் என்பதே கேள்வி. வீடும் மருந்தும் கொடுப்பவரிடமே கூலியையும் கேட்க வேண்டியிருக்கும்போது, கேட்பது நன்றி கெட்டதனமாகத் தெரியும். மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது கலகமாகத் தெரியும்.

உடைமை மாறினால் சரியாகிவிடுமா? அதையும் செய்து பார்த்தாயிற்று. மூணாறில் டாடா டீ 2005-ல் விலகியபோது, கண்ணன் தேவன் தோட்டங்கள் தொழிலாளர்களே பங்கு வைத்திருக்கும் கம்பெனியாயின. உலகத்தில் பல இடங்களில் இதை உதாரணமாகக் காட்டினார்கள். பத்தே ஆண்டில், 2015 செப்டம்பரில், அந்தப் 'பங்குதாரர்'களில் ஆயிரக்கணக்கான பெண்கள் கொச்சி - தனுஷ்கோடி சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். போனஸ் பாதியாகக் குறைந்ததுதான் கோபத்தின் தொடக்கம். தொழிற்சங்கத் தலைவர்களையே பக்கத்தில் அண்டவிடவில்லை. கம்பெனியிடம் சலுகை வாங்கியவன் எங்களுக்காக எப்படிப் பேசுவான் என்றார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பேர் வாங்கிய அந்தப் போராட்டத்தில் ஒன்பதே நாளில் போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் வந்தது. பிறகு தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வேரைத் தேடிப் போனால் பலருக்கும் நம் தென் மாவட்டத்துக் கிராமம் ஒன்று வரும்.

பங்குப் பத்திரம் கையில் இருந்தும் கழிவு கணக்கிடும் அதிகாரம் கைக்கு வரவில்லை. லயம் என்று அங்கே சொல்லும் லைன் வீடும் பழையதுதான். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுப் பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் போனார்கள். கயத்தாறு பக்கம் வீடு வீடாகத் துக்கம் விழுந்தது.

சரி, அரசே நடத்தினால்? இலங்கையிலிருந்து திரும்பிவந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தொடங்கியதுதான் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான இப்போதைய டான்டீ. நோக்கம் உயர்ந்தது. ஆனால் வீட்டையும் வேலையையும் கட்டிவைக்கும் கயிற்றை அதுவும் அவிழ்க்கவில்லை. நஷ்டம் ஏறிப்போய் 2022-ல் 2,152 எக்டேரை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க அரசு உத்தரவிட்டபோது, லைன் வீட்டுக்காரர்களுக்கு வந்த பயம் தனியார் தோட்டத்துக்காரர்களின் பயத்திலிருந்து கொஞ்சமும் வேறுபடவில்லை.

மலைக்குக் கீழே கதை வேறு மாதிரி. வாசுதேவநல்லூர்ப் பக்கம் கரும்பு போட்டவர்கள் யாரும் சர்க்கரை ஆலைக்கு வேலைக்காரர்கள் அல்ல, சொந்த நிலத்துக்காரர்கள். ஆனால் கரும்பை ஆலையில் பதிய வேண்டும், வெட்டு உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டும், அந்த வட்டாரத்துக் கரும்பு அந்த ஆலைக்குத்தான். வெட்டிக் கொடுத்த பதினான்கு நாளில் பணம் தர வேண்டும், தவறினால் வட்டி 15 சதவீதம் என்று சட்டமே இருக்கிறது. அங்கே பாக்கிப் பணத்துக்காக விவசாயிகள் உண்ணாவிரதம், மறியல் என்று அலைந்ததை மாவட்டமே பார்த்தது. பெரிய கம்பெனியின் பிடிக்குச் சம்பளப் பட்டியலில் பேர் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே வாங்குபவன் என்பதே போதும். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: ஆலை மூடிய மறுவருஷம் விவசாயி கரும்பை அழித்துவிட்டு மக்காச்சோளம் போடலாம். மண் அவருடையது.

மாஞ்சோலையில் அந்தச் சொந்த மண் இல்லாததன் விலை 2024-ல் தெரிந்தது. குத்தகை முடிய 2028 வரை இருந்தபோதும் கம்பெனி முன்னதாகவே கடையைக் கட்டியது. தோட்டம் களக்காடு - முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் இனி நீட்டிப்புக்கு வழியில்லை. 500-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்து வாங்கினார்கள். இழப்பீட்டில் முக்கால் பங்கு முதலில். மீதிக் கால் பங்கு வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகு. நாலு தலைமுறை வேலை பார்த்த இடத்தில் கடைசிக் கணக்கும் சாவியில்தான் முடிந்தது. காடு காடாக வேண்டும் என்கிற வாதத்தோடு எனக்குச் சண்டை இல்லை. புலிக்கு இடம் விடுவதற்கான முழுச் செலவையும், கொழுந்து பறித்தவள் ஏன் ஏற்க வேண்டும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

தோட்டத்தை டான்டீயே எடுத்து நடத்தட்டும் என்று போட்ட வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024 டிசம்பரில் மறுத்துவிட்டு, அரசு அறிவித்த மறுவாழ்வுத் திட்டத்தை நிறைவேற்றச் சொன்னது. ரெட்டியார்பட்டியிலும் மணிமுத்தாறிலும் அடுக்குமாடி வீடுகள் காட்டப்பட்டன. வேலையோடு கட்டாத ஒரு வீடு அந்தக் குடும்பங்களில் பலவற்றுக்கு முதல்முறையாகக் கிடைக்கிறது என்பதை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் வீடு வந்த இடத்தில் வேலை இல்லை. ஐம்பது வயதில், வெயிலே பழகாத உடம்போடு, கொழுந்து பறிப்பதைத் தவிர வேறு கைத்தொழில் தெரியாதவர் திருநெல்வேலி வெயிலில் என்ன வேலைக்குப் போவார்?

மூணாறில் இருக்கும் நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவும் இதை முன்பே புரிந்துகொண்டவை. வைப்பு நிதியிலோ சீட்டுப் பணத்திலோ ஊரில் இரண்டு மூன்று சென்ட் வாங்கிப் போடுகிறார்கள். கோயில் கொடைக்கு வரும்போது ஒரு வரிசை செங்கல் ஏற்றுகிறார்கள். குடும்ப அட்டையை ஊரிலேயே வைத்திருக்கிறவர்களும் உண்டு. மாஞ்சோலைக்காரர்களுக்கு அந்த யோசனை வராமல் போனதற்குக் கம்பெனி நன்றாகக் கவனித்துக்கொண்டதும் ஒரு காரணம். இலவச வீடு இருக்கும்போது கீழே எதற்கு மனை என்று நினைத்தவர்கள், இன்று நான்காம் தலைமுறையில் "ஒங்க சொந்த ஊர் எது?" என்று மனுவில் கேட்டிருக்கும் இடத்தில் மாஞ்சோலை என்றே எழுதுகிறார்கள்.